அம்மன் அச்சடித்த விசிட்டிங் கார்டு

கையில் அட்டை இல்லாதவன் மனுஷனே இல்லை என்று ஆகிப்போன காலம் அது. வெள்ளைக்காரன் போட்ட எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்தது. காட்டுக்குள்ளே கம்யூனிஸ்டு, ரோட்டிலே பட்டாளம், இரண்டுக்கும் நடுவில் கேமரன் மலையின் தேயிலைத் தோட்டத்து ஜனங்கள். லைன் வீட்டை விட்டு வெளியே கால் வைத்தால் ஐ.சி. என்கிற அடையாள அட்டையைக் காட்டு. தானா ராத்தா டவுனுக்குப் போகும்போது காட்டு. திரும்பி வரும்போதும் காட்டு. மூஞ்சியைக் காட்டினால் போதாதா என்று கேட்டவனை ரோட்டோரம் குந்தவைத்துவிட்டார்கள். இப்படி அட்டையைக் கண்டு நடுங்கிப் பழகிய ஊரில் இன்னொரு அட்டையை விற்பதற்கு என்ன கஷ்டம்? வந்து சேர்ந்தார் அட்சரானந்த அடிகள்.

காவி வேட்டி, நெற்றி நிறையப் பட்டை, நெஞ்சு வரைக்கும் தாடி. காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில், ஞாயிற்றுக்கிழமை பார்த்து ஒரு சிவப்புத் துணியை விரித்து உட்கார்ந்தார். முதல் வார்த்தையிலேயே ஜனங்களைச் சாய்த்துவிட்டார்.

"அரசாங்கம் உங்க உடம்புக்குக் கார்டு குடுத்துச்சு. உங்க அதிர்ஷ்டத்துக்கு யாரு கார்டு குடுத்தா?"

அட, ஆமாம்! இத்தனை நாள் இது தோன்றவில்லையே! யாருமே கொடுக்கவில்லையே! கூட்டம் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டது.

விஷயம் இதுதான். சின்னதாகத் தொழில் செய்கிறவர்கள் அடிகளிடம் பேரைப் பதிய வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஒரு வெற்று அட்டையை எடுத்துப் பீங்கான் தட்டில் இருக்கும் தீர்த்தத்தில் முக்குவார். அம்மனே தன் கைப்பட அதில் எழுதுவாள். உன் தொழிலுக்கு என்ன பேர் ராசி, கார்டில் என்ன வாசகம் போட வேண்டும், எல்லாம் கறுப்பு எழுத்தில் வெளியே வரும். அதை அப்படியே ஈப்போ டவுன் அச்சகத்துக்கு அனுப்பி நூறு விசிட்டிங் கார்டு அச்சடித்துக் கொடுப்பார். பத்து வெள்ளி. வெளியில் அடித்தால் மூன்று வெள்ளிதான். ஆனால் வெளியில் அம்மன் எழுதுவாளா?

எல்லாம் அறிந்த அம்மனுக்கு ஆளின் பேர், தொழில், வீட்டில் இருக்கும் சாமான் இவை மட்டும் தெரியாது போலிருக்கிறது. அதையெல்லாம் அடிகள் ஒரு வாரம் முன்னாலேயே கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டால் புண்ணியம் குறைந்துவிடுமே!

தொழில் இருக்கிறவன் வாங்கினான், சரி. இல்லாதவனும் வாங்கினான். இரண்டு கோழி வைத்திருந்த ராமையா 'கோழிப் பண்ணை அதிபர்' ஆனான். கார்டு வந்த வாரமே ஒரு கோழி செத்துப்போனது. ராமையா அசரவில்லை. நூறு கார்டும் தீருகிற வரைக்கும் அதிபர்தான்.

எல்லாருக்கும் முந்திக் கார்டு வாங்கியவன் முடிவெட்டுகிற இருளப்பன். அவன் அட்டையைத் தீர்த்தத்தில் முக்கியதும் எழுத்து ஒவ்வொன்றாகக் கறுத்து எழும்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். அம்மன் எழுதியது இது:

'அருள்ஜோதி ஒளியப்பன். சிகை அலங்காரச் சக்கரவர்த்தி.'

"பேருல இருளு இருக்குதே, அப்புறம் தொழில் எப்படி விளங்கும்?" என்றார் அடிகள்.

இருளப்பன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷமாக இருட்டிலேயே கிடந்தேனே என்று அழுதான். ஈப்போவிலிருந்து கார்டும் வந்தது. வழவழவென்று, ஓரத்தில் தங்கக் கோடு போட்டு. பார்க்க அழகுதான். ஆனால் எந்த லைன், எத்தனையாம் நம்பர் வீடு, எந்தக் கிழமை வெட்டுவான், ஒன்றும் அதில் இல்லை. அம்மனுக்கு விலாசத்தில் அக்கறை கிடையாது.

பக்கத்து டிவிஷனிலிருந்து கார்டைப் பார்த்துவிட்டு நாலு பேர் வந்து, "இங்க ஒளியப்பன் யாரு?" என்று விசாரித்தார்கள். அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருப்பி அனுப்பியவர்களில் இருளப்பனும் ஒருவன். புதுப் பேர் இன்னும் பழகவில்லை, பாவம்.

அதோடு போயிற்றா? ஒரு நாள் தானா ராத்தா ரோட்டில் பட்டாளத்துக்காரன் லோரியை நிறுத்திச் சோதனை போட்டான். ஐ.சி.யில் பேர் இருளப்பன். சட்டைப் பையில் ஒரு கட்டு அட்டை, அதில் பேர் ஒளியப்பன். அந்தக் காலத்தில் இரண்டு பேர் வைத்திருந்தவர்கள் யார்? காட்டுக்குள் துப்பாக்கியோடு திரிந்தவர்கள்! காலை எட்டு மணிக்கு இறக்கிக் குந்தவைத்தவனை, தோட்டத்து ஆபீஸ் கிராணி போய் எழுதிக் கொடுத்து மாலை மூன்று மணிக்குத்தான் மீட்டுக்கொண்டு வந்தார்.

வந்ததும் வராததுமாக இருளப்பன் சொன்னது என்ன தெரியுமா? "அம்மன் காப்பாத்திட்டா லா! கார்டு மட்டும் இல்லேன்னா என்னைச் சுட்டிருப்பான்!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அடுத்த ஞாயிறு வரிசை இரண்டு மடங்கு ஆனது. தலையெழுத்து!

ஒருத்தி மட்டும் சிரித்தாள். "ஏண்ணே, அந்தக் கார்டு இல்லேன்னா பத்தே நிமிசத்துல விட்டிருப்பானே?" என்று கேட்டாள். கூட்டம் அவளை முறைத்தது. அவள்தான் செல்லம்.

செல்லம் தொழிற்சாலையில் தேயிலை அடைக்கிற வேலைக்காரி. வேலை முடிந்து வந்து தையல் மிஷினில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். அந்த மிஷின் சும்மா வரவில்லை. காதில் கிடந்த தோட்டையும் நாலு வருஷச் சேமிப்பையும் போட்டு வாங்கியது. அடுத்த மாதம் முதல் தேதியில் தானா ராத்தாவில் கடை போடுவதாக இருந்தாள். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தாஜுதீன் பாய் தன் கடையின் முன்மூலையை அவளுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். மிஷின் இருந்தால் கடை. மிஷின் இல்லாவிட்டால் ஆயுசு முழுவதும் தேயிலைத் தூசிதான். அவளுக்கு அது நன்றாகத் தெரியும்.

அவளுக்கும் கார்டு வேண்டியிருந்தது. அதை அவளே செய்தாள். கால் ராத்தல் தேயிலை அடைக்கும் பெட்டி அட்டையில் கழிந்தது தொழிற்சாலையில் நிறையக் கிடக்கும். வைக்கோல் நிறம். அதைக் கத்தரித்து, தெளிவாக எழுதினாள்: 'செல்லம். ரவிக்கை, சட்டை தைக்கப்படும். தானா ராத்தா, தாஜுதீன் சாப்பாட்டுக் கடை முன்மூலை. ஞாயிறும் உண்டு.' எழுதிவிட்டு, ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் நிஜப் பொத்தான் ஒன்றைச் சிவப்பு நூலால் தைத்துவைத்தாள்.

தாஜுதீன் பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்! பொத்தான் வச்ச கார்ட எவன் தூக்கிப் போடுவான் தங்கச்சி? சட்டையில பொத்தான் அறுந்தா ஒன் ஞாபகம்தானே வரும்!"

ஆனால் அவள் புருஷன் சின்னையாவுக்குத் திருப்தி இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன். நல்லவன்தான், கெட்ட பழக்கம் கிடையாது, யோசிக்கிற பழக்கமும் கிடையாது. பெண்டாட்டிக்குத் தெரியாமல் போய் அடிகளிடம் அவள் பேரைப் பதிந்துவிட்டு வந்தான். அடிகள் வழக்கம்போலக் கேட்டார்: வீட்டில் என்ன சாமான், புதுசா பழசா? இவனும் பெருமையாகச் சொன்னான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அட்டை தீர்த்தத்தில் முங்கி எழுந்தது. 'செல்லம். இரும்பு ஆகாது. மிஷினைச் சந்நிதியில் சேர்.'

அடிகள் கண்ணை மூடினார். "ஒரு மண்டலத்துக்குள்ள சேக்கலேன்னா தாலிக்கு ஆபத்து" என்றார். தாலிக்கு ஆபத்து என்றால் யாருக்கு ஆபத்து? கட்டினவனுக்கு! சின்னையா சட்டென்று எழுந்து நின்றான். வருகிற ஞாயிறு அடிகள் சாமான் ஏற்ற லோரி கொண்டுவரும்போது மிஷினைக் கொடுத்துவிடுவதாக அத்தனை பேர் முன்னாலும் சத்தியம் செய்துவிட்டான்.

இந்த அம்மனுக்கு ஏற்கெனவே ஒருவன் சைக்கிள் ஆகவில்லை. சலவைக்காரனின் இஸ்திரிப் பெட்டி ஆகவில்லை. இருளப்பனின் நல்ல கத்தரி இரண்டும் ஆகவில்லை. லைனைச் சுற்றி வண்டி வண்டியாகத் துருப்பிடித்த தகரம் கிடந்ததே, அதன்மேல் மட்டும் அவளுக்குக் கோபமே வரவில்லை. விலை போகிற இரும்பைக் கண்டால்தான் ஆவேசம்!

சின்னையா வீட்டுக்கு வந்து மென்று விழுங்கிச் சொன்னான். செல்லம் மாவு பிசைந்த கையோடு எழுந்து நின்றாள்.

"யாரக் கேட்டுச் சத்தியம் பண்ணிங்க? அது ஒங்க மிஷினா?"

"ஆத்தா எழுதிட்டா புள்ள. நான் என்ன செய்யிறது?"

"எழுத்துல எம்பேரு இருக்கு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஒங்க ஆத்தாளுக்கு அவ்வளவு இரும்புப் பசியா?"

"ஏ, வாயக் கழுவு! நான் செத்தா ஒனக்குச் சம்மதமா?" அவன் குரல் உடைந்துவிட்டது. நிஜமாகவே பயந்திருந்தான். அதைப் பார்த்ததும் செல்லத்துக்குத் திட்டவும் வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது.

சின்னையா இடுப்பிலிருந்து ஒரு சின்ன போத்தலை எடுத்தான். "தீர்த்தம் குடுத்திருக்காரு. மிஷின் மேல மூணு தடவை தெளிக்கணுமாம். ஒன்னைய ஒரு கரண்டி குடிக்கச் சொன்னாரு." மிஷின்மேல் மூன்று தடவை தெளித்து, கரண்டியில் ஊற்றி அவள் வாயில் கொடுத்துவிட்டு, போத்தலை அங்கேயே வைத்துவிட்டு நிம்மதியாகக் கூட்டாளிகளைத் தேடிப் போய்விட்டான்.

செல்லம் நாக்கில் பட்டதைத் துப்பினாள். பழைய ஆணியைச் சப்பினதுபோல இருந்தது. இந்த ருசி அவளுக்குத் தெரியும்! போன வருஷம் உடம்பில் ரத்தம் இல்லை என்று தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸர் கொடுத்த மருந்து இதே ருசிதான். அதை ஒரு நாள் தேத்தண்ணியில் ஊற்றிக் குடிக்கப் போனாள். கோப்பையில் இருந்தது மை மாதிரி கறுத்துவிட்டது. பயந்து எடுத்துக்கொண்டு ஓடியவளை டிரெஸர் திட்டினார். "அது இரும்பு மருந்து. தேத்தண்ணியோட சேந்தா கறுக்கும். சேக்காதேன்னு சொன்னேன்ல?"

செல்லம் அடுப்பிலிருந்த தேத்தண்ணியை ஒரு கிளாஸில் ஊற்றினாள். அதில் தீர்த்தத்தை நாலு சொட்டு விட்டாள். கறுத்தது. இன்னும் நாலு சொட்டு. கரி!

கிளாஸை விளக்குப் பக்கம் தூக்கிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். பிறகு அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அது அடுப்பைத் தோற்கடித்துவிடும்.

மறுநாள் வேலை முடிந்ததும் தாஜுதீன் பாய் கடைக்குப் போய்க் கேட்டாள். "பாய், அந்தச் சாமியாரு ஒங்க கடைக்கு வருவாரா?"

"தெனமும் வருவாரே! டவுன்ல ரூம் எடுத்துத்தானே தங்கியிருக்காரு. தே ஓ கோசோங் ஒரு கிளாஸ் கேட்டு ரூமுக்கு எடுத்துட்டுப் போவாரு. சீனி இல்ல, பால் இல்ல. அவரு குடிச்சு நான் பாத்ததில்ல தங்கச்சி. காலி கிளாஸ் திரும்பி வரும்போது உள்ள தீக்குச்சிதான் கெடக்கும். சாமியாருங்க பல்லு குத்துவாங்க போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

செல்லம் தலையில் அடித்துக்கொண்டாள். தீக்குச்சிதான் பேனா, தேத்தண்ணிதான் மை! தீர்த்தம் பட்டால் எழுத்துக் கறுக்கிறது. அட்டை? அவள் தினமும் தேயிலை அடைக்கிற அதே வைக்கோல் நிறப் பெட்டி அட்டை! அதில் தேத்தண்ணி காய்ந்த தடம் சட்டென்று தெரியாது. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். கும்பிட்டுக்கொண்டிருக்கிறவன் எங்கே சாய்த்துப் பிடிப்பான்? விடிந்தால் தேயிலை, அடைந்தால் தேயிலை என்று கிடக்கிற ஜனங்களைத் தேயிலையைக் கொண்டே ஒருவன் ஏமாற்றியிருக்கிறான். கொல்லன் தெருவிலேயே ஊசி விற்றுவிட்டான்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரட்டுக் களத்தில் கூட்டம் அலைமோதியது. தோட்டத்துக் கேட் காவலில் இருந்த தமிழ்ப் போலீஸ்காரர்கூட வேடிக்கை பார்க்க வந்து நின்றார். தாப்பா டவுனுக்குப் போகும் லோரி ஓரமாக நின்றது. சைக்கிளும் இஸ்திரிப் பெட்டியும் கத்தரி இரண்டும் அதில் ஏறிவிட்டன. சின்னையாவும் இருளப்பனும் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து சிவப்புத் துணிக்கு முன்னால் வைத்தார்கள். செல்லம் பின்னால் வந்தாள். ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் வெற்று அட்டை.

"மகளே, மனசாரக் குடுக்கிறியா?" என்றார் அடிகள்.

"குடுக்கிறேன் சாமி. அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். அம்மன் என் கனவுல வந்து இந்த அட்டையக் குடுத்தா. அடிகள் கையால தீர்த்தத்துல முக்கச் சொல்லு, ஒரு சேதி இருக்குன்னா. முக்கிப் பாக்குறீங்களா?"

கூட்டம் "ஆத்தா!" என்று கத்தியது. அடிகள் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்; சாய்த்துப் பிடிக்க மட்டும் அவருக்கும் தோன்றவில்லை. ஒன்றும் இல்லை. அவருக்குள் ஒரு சிரிப்பு ஓடியிருக்க வேண்டும். முக்கினால் வெற்று அட்டை வெற்றாகத்தானே வரும்? அம்மனுக்கு உன்மேல் கோபம் என்று சொல்லி மிஷினோடு சேர்த்து வேறு ஏதாவதும் கறந்துவிடலாமே! கம்பீரமாக முக்கினார்.

எழுத்து வந்தது.

பக்கத்தில் நின்ற இருளப்பனுக்குத்தான் வாசிக்கிற உரிமை. பக்தி குறையாமல், ராகம் போட்டு, உரக்க வாசித்தான்.

"அட்சரானந்தர்... தேத்தண்ணியில்... எழுதித் தரப்படும்... அடுத்தவர் மிஷின்... வாங்கிக் கொள்ளப்படும்... விலாசம்... அடுத்த தோட்டம்."

வாசித்து முடித்து ஒரு கும்பிடும் போட்டான். அதற்கப்புறம்தான் அவனுக்கு அர்த்தம் புரிந்தது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அடிகளின் முகம் சுண்டிப்போயிற்று. "செய்வினை! இவ யாரோ மலையாள மாந்திரீகன்கிட்ட போயிருக்கா!" என்று கத்தினார்.

"மாந்திரீகனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. காலையில ஏழு மணிக்கு நான்தான் தீக்குச்சியில எழுதுனேன். எங்க வீட்டுத் தேத்தண்ணி." செல்லம் கிளாஸைத் தூக்கிக் காட்டினாள். "இது என்ன? நாம கிள்ளி, நாம அடைச்சு, நாம குடிக்கிறது. இப்பப் பாருங்க." தீர்த்தத்தை ஒரு கை அள்ளி அதில் ஊற்றினாள். எல்லார் கண் முன்னாலும் கிளாஸ் கறுத்தது. "ரத்தம் இல்லாத பொம்பளைக்கு டிரெஸர் குடுக்கிற இரும்பு மருந்துதான் இந்தத் தீர்த்தம். குடிச்ச பொம்பளைங்க இத்தன பேரு நிக்கிறீங்களே, நாக்குல வச்சுப் பாருங்க!"

நாலைந்து பெண்கள் வைத்துப் பார்த்தார்கள். "அய்யய்யே, அதே மருந்துதான்டி!" என்று ஒருத்தி துப்பினாள்.

"எனக்கு இரும்பு ஆகாதுன்னு எழுதுறாளாம் ஆத்தா. அத எதுல எழுதுறா? இரும்புத் தண்ணியில! இது எந்த ஊரு நியாயம் சாமி?"

சாமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஓசைப்படாமல் லோரிப் பக்கம் நகர்ந்தார். போலீஸ்காரர் கையை நீட்டி மறித்துப் பையை வாங்கிக் கொட்டினார். பச்சைப் பச்சையாக ஒரு பொட்டலம் அன்னபேதி, தண்ணீரில் கரைத்தால் தீர்த்தமாகிற அதே இரும்பு உப்பு. ஒரு கட்டுத் தீக்குச்சி. அப்புறம் அந்த நோட்டு. போலீஸ்காரர் அதைப் புரட்டி வாசித்தார். 'ராமையா: கோழி மட்டும். பிரயோசனம் இல்லை. இருளப்பன்: நல்ல கத்தரி இரண்டு. ஆள் அழுகிற ரகம். சின்னையா: தையல் மிஷின், புதுசு. பெண்டாட்டி கெட்டிக்காரி, ஜாக்கிரதை.'

அடிகளின் ஐ.சி.யில் பேர் நாகரத்தினம் என்று இருந்தது. ஈப்போவில் ஒரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன் என்று அவனே ஒப்புக்கொண்டான். துணிக்குக் கறுப்பு ஏற்றக் கற்றவன், சம்பளம் போதாமல் ஊருக்கே கறுப்பு ஏற்ற வந்துவிட்டான். சைக்கிளையும் இஸ்திரிப் பெட்டியையும் கத்தரிகளையும் இறக்கிவிட்டு, அதே லோரியில் அவனை ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

கூட்டத்துக்கு இப்போது ஆத்திரம் பொங்கிற்று. எனக்கு அப்பவே சந்தேகம் என்று எல்லாரும் சொன்னார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் கோழிப் பண்ணை அதிபர்.

செல்லம் மிஷினைத் துடைத்தாள். அம்மனின் பேரால் தெளித்த தீர்த்தம் பட்ட இடமெல்லாம் துரு ஏறியிருந்தது. அதைப் பார்த்ததும் கண் கலங்கியது. எண்ணெய் போட்டால் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மிஷின் மிஞ்சிவிட்டது, கடை மிஞ்சிவிட்டது, அது போதும்.

அப்போதுதான் சின்னையா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தான். அவன் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர். செல்லத்துக்கு மனசு இளகிவிட்டது. புத்தி வந்துவிட்டது மனுஷனுக்கு, மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்தாள்.

சின்னையா நெடுஞ்சாண்கிடையாக அவள் காலில் விழுந்தான்.

"ஆத்தா! எம் பொண்டாட்டி மேல எறங்கிட்டியா! நீ உள்ள எறங்குனதுனாலதானே அவ இதக் கண்டுபுடிச்சா!"

கூட்டம் ஒரு கணம் திகைத்தது. பிறகு, அய்யோ, பெண்கள் குலவை போட ஆரம்பித்தார்கள். இருளப்பன் கற்பூரம் தேடி ஓடினான். பத்துப் பேர் கும்பிட்ட கையோடு வரிசையில் நின்றுவிட்டார்கள்.

செல்லம் இரண்டடி பின்னால் நகர்ந்து, மொத்தக் கூட்டத்தையும் பார்த்துக் கத்தினாள்.

"ஏன்டா, என் காலத் தொட்டு என்னடா கெடைக்கப் போவுது? ஒவ்வொருத்தனும் அவனவன் தலையத் தொட்டுப் பாருங்கடா, உள்ள ஏதாச்சும் இருக்குதான்னு!"